ரேடியனா, பாகையா: டிஐ-84 பிளஸ் சிஇ வரைபடக் கால்குலேட்டருடன் இரண்டு ஆண்டுகள்

சிங்கப்பூரில் ஜூனியர் கல்லூரிப் படிப்பை முடித்த என் அண்ணன் மகள் இரண்டு ஆண்டுகளுக்கு முன் கோடை விடுமுறைக்குக் கும்பகோணம் வந்தபோது, தான் பயன்படுத்திய வரைபடக் கால்குலேட்டரை என் கையில் கொடுத்து, "இனிமே இது எனக்கு வேணாம் சித்தப்பா, நீங்களே வச்சுக்குங்க, பிள்ளைங்களுக்குக் காட்டலாம்" என்றாள். வீட்டுத் திண்ணையில் மாலை வேளைகளில் பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களுக்குக் கணிதம் சொல்லிக் கொடுக்கிறவன் நான். அதுவரை அத்தகைய கருவியைப் படங்களில் மட்டுமே பார்த்திருந்தேன். அது டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தின் டிஐ-84 பிளஸ் சிஇ. 2015ஆம் ஆண்டு விற்பனைக்கு வந்த வகை. வண்ணத் திரை, மெல்லிய உடல், கைப்பேசியைப் போல மின்னேற்றிக் கொள்ளும் பேட்டரி ஆகியவை இதற்கு உண்டு. குறியீட்டு இயற்கணிதம் செய்யாது. எண்களைக் கொண்டு கணக்கிடும், வரைபடம் வரையும், அட்டவணை போடும், சிறு நிரல்களை இயக்கும்.

இந்த வசதிகளைப் பற்றி எழுதுவோர் பலர் இருக்கிறார்கள். நான் இங்கே எழுத விரும்புவது ஒரே ஓர் அமைப்பைப் பற்றி. கோணத்தைப் பாகையில் எடுத்துக்கொள்வதா, ரேடியனில் எடுத்துக்கொள்வதா என்று கருவிக்குச் சொல்லும் அமைப்பு அது. பாகை என்பது நாம் பழகிய டிகிரி; ரேடியன் என்பது கோணத்துக்கான மற்றோர் அலகு, அதில் 180 பாகை என்பது பை (ஏறத்தாழ 3.14) ரேடியன். இரண்டு ஆண்டுகளில் என் மாணவர்கள் இக்கருவியில் செய்த பிழைகளில் பெரும்பாலானவை அந்த ஓர் இடத்திலிருந்தே வந்தன; ஒரு பிழை என்னிடமிருந்தும் வந்தது. முக்கோணவியலுக்காக ஒரு வரைபடக் கால்குலேட்டரை வாங்க நினைப்பவர், அது கோண அலகை எவ்வாறு கையாள்கிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து.

அமைக்கும் முறை எளியது. 'மோட்' என்ற விசையை அழுத்தினால் பல வரிகள் கொண்ட பட்டியல் ஒன்று வரும். அதன் நான்காவது வரியில் 'ரேடியன்', 'டிகிரி' என்ற இரு சொற்கள் அருகருகே இருக்கும். கீழ்நோக்கிய அம்பு விசையால் அந்த வரிக்குச் சென்று, பக்க அம்பால் வேண்டிய சொல்லின் மேல் நின்று, 'என்டர்' விசையை அழுத்த வேண்டும். இந்தக் கடைசி அழுத்தத்தில்தான் மாணவர்கள் தவறுகிறார்கள். 'டிகிரி' என்ற சொல்லின் மேல் சுட்டி கண்சிமிட்டிக் கொண்டிருப்பதைப் பார்த்ததும் வேலை முடிந்துவிட்டது என்று எண்ணி, அப்படியே வெளியே வந்துவிடுகிறார்கள். சுட்டி நிற்பது வேறு, தேர்வாவது வேறு. தேர்வான சொல் நிறம் மாறிய கட்டத்துக்குள் தெரியும். 'என்டர்' அழுத்தாமல் வெளியேறினால் கருவி பழைய நிலையிலேயே இருக்கும். புதிதாக இதைத் தொடும் ஒவ்வொரு பிள்ளைக்கும் முதல் நாளே இதை நான் செய்துகாட்டி, மீண்டும் அவர்களைக் கொண்டே செய்ய வைக்கிறேன்.

திரையின் உச்சியில் ஒரு நிலைப்பட்டை எப்போதும் இருக்கிறது. எண் வடிவம், தசம இடம், மெய்யெண்ணா சிக்கலெண்ணா என்பவற்றோடு கோண அலகும் அதில் எழுதப்பட்டிருக்கும். 2004இல் வந்த கறுப்பு வெள்ளைத் திரையுள்ள டிஐ-84 பிளஸில் இந்தப் பட்டை கிடையாது. அங்கே அலகை அறிய வேண்டுமானால் ஒவ்வொரு முறையும் அமைப்புப் பட்டியலுக்குள் போய்த்தான் பார்க்க வேண்டும். பழைய கருவி குறைந்த விலைக்குக் கிடைக்கிறது என்று யாராவது சொன்னால், இந்த ஒரு வேறுபாட்டுக்காகவே புதியதை வாங்குங்கள் என்று நான் சொல்வேன். எழுத்துகள் சிறியவை என்பது உண்மைதான். ஐம்பதைக் கடந்த என் கண்ணுக்குக் கண்ணாடி தேவைப்படுகிறது. பிள்ளைகளுக்கு அந்தத் தொல்லை இல்லை. அவர்களுக்குத் தேவைப்படுவது மேலே பார்க்கும் பழக்கம் மட்டுமே.

கருவி ஏன் ரேடியனில் தொடங்குகிறது என்று மாணவர்கள் கேட்பார்கள். பத்தாம் வகுப்பு வரை 30, 45, 60 பாகை என்றே பழகி வந்தவர்களுக்கு அது இயல்புக்கு மாறாகத் தோன்றுவதில் வியப்பில்லை. நான் விளக்கம் சொல்வதற்கு முன் கருவியையே பேச விடுகிறேன். சைன் சார்பின் வகைக்கெழுவை, அதாவது அது மாறும் வீதத்தை, பூச்சியத்தில் கணக்கிடச் சொன்னால், ரேடியன் நிலையில் ஏறத்தாழ 1 என்று விடை வரும். பாகை நிலையில் 0.01745 என்று வரும். அந்த இரண்டாவது எண் பை வகுத்தல் 180 என்பதை ஒரு பெண் தானே கண்டுபிடித்து எழுந்து நின்று சொன்ன மாலை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. சைனின் வகைக்கெழு கொசைன் என்று புத்தகம் சொல்வது கோணம் ரேடியனில் இருக்கும்போது மட்டுமே பொருந்தும். எக்ஸ், அதிலிருந்து எக்ஸின் முப்படியில் ஆறில் ஒரு பங்கு கழித்தல் என்று தொடங்கும் சைன் தொடரும் அப்படியே. இராமானுஜன் வளர்ந்த ஊரில், அவர் படித்த பள்ளியின் வழியாக நடந்து டியூஷனுக்கு வரும் பிள்ளைகளிடம் முடிவிலாத் தொடர்களைப் பற்றிப் பேசும்போது, அந்தத் தொடர்களுக்கு உரிய அலகையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன். ஆகவே நுண்கணிதப் பாடம் என்றால் ரேடியன். அதில் விதிவிலக்கு வேண்டாம்.

இனி என் பிழை.

திருவிடைமருதூர்ப் பக்கத்திலிருந்து வரும் மாணவர் ஒருவரின் தந்தை பாரம்பரியச் சம்பா ரகங்களைப் பயிரிடுகிறவர். அந்த ரகங்களில் பல, பகல் நேரம் குறுகும்போதே பூக்கத் தொடங்கும் இயல்புடையவை; முன்னே விதைத்தாலும் பின்னே விதைத்தாலும் அவை பூக்கும் காலம் பெரிதாக மாறாது என்று அவர் வீட்டில் பேசுவதைக் கேட்டு வளர்ந்த அந்தப் பையன், "நம்ம ஊர்ல பகல் எவ்வளவு சார் குறையுது? கணக்குப் போட்டுப் பார்க்க முடியுமா?" என்று கேட்டான். முடியும். கும்பகோணம் ஏறத்தாழ 11 பாகை வட அட்சரேகையில் இருக்கிறது. ஆண்டின் எத்தனையாவது நாள் என்ற எண்ணுடன் 284ஐக் கூட்டி, 360 வகுத்தல் 365 ஆல் பெருக்கி, அதன் சைனை 23.45 ஆல் பெருக்கினால், அன்று சூரியன் நிலநடுக்கோட்டிலிருந்து எத்தனை பாகை வடக்கிலோ தெற்கிலோ இருக்கிறது என்பது தோராயமாகக் கிடைக்கும். அந்தக் கோணத்தின் டேன்ஜென்டை 11 பாகையின் டேன்ஜென்டால் பெருக்கி, குறியை மாற்றி, நேர்மாறு கொசைன் எடுத்து, 2 வகுத்தல் 15 ஆல் பெருக்கினால் பகலின் நீளம் மணிக்கணக்கில் வரும். ஒரே சூத்திரத்தில் சைன், டேன்ஜென்ட், நேர்மாறு கொசைன் மூன்றும் ஒன்றுக்குள் ஒன்றாக அமைந்திருப்பதால், வரைபடக் கால்குலேட்டருக்கு இதைவிடப் பொருத்தமான பயிற்சி எனக்குத் தெரியவில்லை.

பையன் சூத்திரத்தைச் சரியாகத்தான் உள்ளிட்டான். கிடைமட்டத்தில் 1 முதல் 365 வரை, செங்குத்தில் 11 முதல் 13 வரை என்று சாளரத்தையும் சரியாக அமைத்தான். வரைபட விசையை அழுத்தினால் வெற்றுத் திரை. அட்டவணையைத் திறந்தால் 172ஆம் நாளுக்கு நேரே 'எரர்' என்று நிற்கிறது. அடைப்புக்குறிகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தோம். கழித்தல் குறிக்கான விசையும் எதிர்மக் குறிக்கான விசையும் இதில் வேறு வேறு என்பதால் அதையும் சோதித்தோம். அரைமணி நேரத்துக்கு மேல் போயிற்று. கருவி கெட்டுவிட்டதோ என்றுகூட நினைத்தேன்.

முந்தைய இரவு, அண்ணன் மகள் விட்டுச் சென்ற பழைய நிரல்களை நீக்குவதற்காக நான் நினைவகம் முழுவதையும் அழித்திருந்தேன். அப்படி அழித்தால் எல்லா அமைப்புகளும் தொடக்க நிலைக்குத் திரும்பும். கோண அலகும் ரேடியனுக்குத் திரும்பும். மாதக்கணக்கில் பாகையிலேயே இருந்த கருவி என்பதால், அது பாகையில்தான் இருக்கிறது என்று நம்பிவிட்டேன். நிலைப்பட்டையில் 'ரேடியன்' என்று அந்த அரைமணி நேரமும் எழுதியிருந்தது. 11 ரேடியனின் டேன்ஜென்ட் ஏறத்தாழ கழித்தல் 226. அதைக் கொண்டு பெருக்கி வரும் எண்களில் பெரும்பாலானவை 1க்கும் கழித்தல் 1க்கும் இடைப்பட்ட எல்லையைத் தாண்டிவிடும். அவற்றுக்கு நேர்மாறு கொசைன் கிடையாது. எங்கேனும் தப்பித் தவறி ஒரு மதிப்பு வந்தாலும் அது 11 மணிக்கு அருகில்கூட வராது. திரை வெறுமையாக இருந்தது கருவியின் குற்றமன்று.

அலகை மாற்றி 'என்டர்' அழுத்திவிட்டு மீண்டும் வரைந்தபோது, இடப்பக்கத்திலிருந்து மெல்ல ஏறி நடுவில் வளைந்து இறங்கும் அழகிய அலை ஒன்று வந்தது. மேட்டூர் அணையை வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12ஆம் நாளில் பகல் 12 மணி 38 நிமிடம். ஜூன் 21இல் ஏறத்தாழ 12 மணி 39 நிமிடம். டிசம்பர் 21இல் 11 மணி 21 நிமிடம். காற்றுமண்டலம் ஒளியை வளைப்பதையும் சூரிய வட்டத்தின் அகலத்தையும் இந்தச் சூத்திரம் கணக்கில் கொள்வதில்லை. ஆகவே உண்மையான பகல் இதைவிடச் சில நிமிடங்கள் கூடுதல். ஆனாலும் நெடும்பகலுக்கும் குறும்பகலுக்கும் இடையே நம் பகுதியில் ஒன்றே கால் மணி நேரத்துக்குச் சற்று அதிகமான வேறுபாடுதான் உண்டு என்பதும், அந்தச் சிறு வேறுபாட்டையே நெற்பயிர் உணர்ந்துகொள்கிறது என்பதும் அந்தப் பையனுக்குத் தெளிவாகத் தெரிந்தன. தசமத்தில் வந்த மணிக்கணக்கை நிமிடமாகவும் நொடியாகவும் மாற்ற, கோணத்தைப் பாகை-கலை-விகலையாகக் காட்டும் கட்டளையையே பயன்படுத்திக்கொண்டோம். மணியும் பாகையும் அறுபது அறுபதாகவே பிரிவதால் அது இங்கும் பொருந்துகிறது.

இந்தக் கருவியில் நான் மிகவும் மதிக்கும் வசதியை இனிச் சொல்கிறேன். 'செகண்ட்' விசையையும் பிறகு 'ஆப்ஸ்' விசையையும் அழுத்தினால் 'ஆங்கிள்' என்ற பட்டியல் வரும். அதில் முதலாவதாக இருப்பது பாகைக் குறி. மூன்றாவதாக இருப்பது ரேடியன் குறி. எண்ணை அடுத்து அந்தக் குறியை இட்டுவிட்டால், கருவி எந்த நிலையில் இருந்தாலும் அந்த எண்ணை அந்த அலகிலேயே எடுத்துக்கொள்ளும். ரேடியன் நிலையில் வெறும் 30இன் சைன் கேட்டால் கழித்தல் 0.988 என்று வரும். 30° என்று குறியோடு கேட்டால் 0.5 வரும். கரும்பலகையில் பாகைக் குறியை விட்டுவிட்டு எழுதினால் மதிப்பெண்ணைக் குறைப்பவன் நான். அதே ஒழுங்கை ஒரு கருவி ஏற்றுக்கொள்வதைக் காண மகிழ்ச்சியாக இருக்கிறது. கோணத்தை எண்ணாக உள்ளிடும் எந்தக் கணக்கிலும் குறியைச் சேர்த்தே எழுத வேண்டும் என்பது இப்போது எங்கள் திண்ணையில் நடைமுறை.

ஆனால் இந்தக் குறி உள்ளே போகும் கோணத்துக்கு மட்டுமே பயன்படும். வெளியே வரும் கோணத்துக்குப் பயன்படாது. 0.5இன் நேர்மாறு சைனைக் கேட்டால், ரேடியன் நிலையில் 0.5236 என்றுதான் விடை கிடைக்கும். அதை 30 ஆக்க நிலையை மாற்ற வேண்டும், அல்லது 180 வகுத்தல் பையால் பெருக்க வேண்டும். சூத்திரத்தின் நடுவில் நேர்மாறு சார்பு வந்தால், மேலே சொன்ன பகல் கணக்கைப் போல, நிலையையே மாற்றிவிடுவது நல்லது.

பிழையான விடை எப்போதும் வெற்றுத் திரையாக வந்து எச்சரிப்பதில்லை என்பதை ஒரு பாலிடெக்னிக் மாணவர் வழியாக அறிந்தேன். சிவில் படிக்கும் அவர், தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் உயரத்தைக் கோணமானியால் அளக்கும் பயிற்சிக்காக என்னிடம் கருவியை வாங்கிச் சென்றார். 120 மீட்டர் தொலைவில் நின்று 27 பாகை ஏற்றக்கோணம் கண்டால், பாகை நிலையில் 61 மீட்டர் வரும். அதோடு கண்ணின் உயரத்தைக் கூட்ட வேண்டும். ரேடியன் நிலையில் கழித்தல் 393 மீட்டர் என்று வரும். விமானம் பூமிக்குள் போகாது. ஆகவே பிழை உடனே தெரிந்துவிடும். அவர் மற்றோரிடத்தில், 60 மீட்டர் தொலைவிலிருந்து 45 பாகை என்று அளந்தபோது, ரேடியன் நிலையில் கருவி 97 மீட்டர் என்று சொல்லியிருக்கிறது. 45 ரேடியனின் டேன்ஜென்ட் 1.62 என்பதால் வந்த எண் அது. கோபுரத்துக்கு அத்தகைய உயரம் இருக்கக்கூடும் என்று எண்ண இடமிருப்பதால், அந்த எண் அவருடைய பயிற்சி ஏட்டில் ஏறிவிட்டது. 45 பாகைக்கு உயரமும் தொலைவும் சமம் என்பதை மனத்தால் சரிபார்த்திருந்தால் அது நேர்ந்திருக்காது. நில அளவையில் கோணம் அளக்கும் தியோடலைட் கருவியில் படிக்கும் அளவீடுகள் கலையும் விகலையுமாக இருப்பவை. அவற்றை அப்படியே உள்ளிடவும் 'ஆங்கிள்' பட்டியலில் வழி இருப்பதால், பாகை நிலையில் வைத்துக்கொண்டால் நில அளவைப் படிப்புக்கு இக்கருவி நன்றாகவே உதவுகிறது.

வரைபடங்களில் அலகுப் பிழை எவ்வாறு வெளிப்படுகிறது என்பது தனிச் சுவையுடையது. வழக்கமான கழித்தல் 10 முதல் 10 வரையிலான சாளரத்தில் சைன் வளைவை ரேடியனில் வரைந்தால் மூன்று அலைகள் தெரியும். பாகையில் வரைந்தால் அச்சோடு ஒட்டிய ஏறக்குறைய நேர்கோடு ஒன்றுதான் தெரியும், ஏனெனில் 10 பாகையின் சைன் 0.17 மட்டுமே. 'ஜூம்' பட்டியலின் ஏழாவது தேர்வு அப்போதைய கோண அலகுக்கேற்பச் சாளரத்தை அமைத்துக் கொடுக்கிறது. அச்சின் குறிகள் பாகையானால் 90க்கு ஒன்றாகவும், ரேடியனானால் பையின் பாதிக்கு ஒன்றாகவும் விழும். மார்கழியில் வாசலில் தாமரைக் கோலம் போடும் பெண் பிள்ளைகளுக்கு நான் துருவ ஆயத்தொலைவு முறையைக் காட்டுவதுண்டு; ஒரு புள்ளியை அதன் கோணத்தாலும் (தீட்டா) மையத்திலிருந்து அதன் தொலைவாலும் குறிக்கும் முறை அது. தீட்டாவின் நான்கு மடங்கின் சைனை நான்கால் பெருக்கி வரைந்தால் எட்டு இதழ் மலர் ஒன்று திரையில் விரியும். ரேடியனில் சாளரத்தை அமைத்துவிட்டுப் பிறகு அலகைப் பாகைக்கு மாற்றினால், சாளரத்திலுள்ள எண்கள் தாமாக மாறுவதில்லை; தீட்டா 6.28 பாகையிலேயே நின்றுவிடுவதால் மலரின் ஒரு கீற்று மட்டும் கிடைக்கும். இதற்கு நேர்மாறாக, 360 வரை 7.5 இடைவெளியோடு அமைத்த சாளரத்தை ரேடியனில் இயக்கினால், தொலைவிலுள்ள புள்ளிகளை நேர்கோடுகள் இணைத்து ஒரு பின்னல் உருவாகும். அலகை மாற்றினால் சாளரத்தையும் மாற்ற வேண்டும் என்பதை இந்த இரண்டு படங்களுமே பிள்ளைகள் மனத்தில் பதித்துவிட்டன.

நம் மாணவர்கள் கையில் பெரும்பாலும் இருப்பது கேசியோவின் அறிவியல் கால்குலேட்டர். எஃப்எக்ஸ்-991இஎஸ் வகையில் 'ஷிஃப்ட்', 'மோட்' என்று அழுத்தியதும் மூன்று பாகை, நான்கு ரேடியன், ஐந்து கிரேடியன் (செங்கோணத்தில் நூறில் ஒரு பங்கு) என்று எண் விசையாலேயே தேர்ந்துவிடலாம். திரையில் அலகின் முதலெழுத்தும் தெரியும். வேகத்தில் அதுவே மேல். அதே நிறுவனத்தின் வரைபடக் கருவியான எஃப்எக்ஸ்-சிஜி50இலும் மூன்று அலகுகள் உண்டு. டிஐ-84இல் கிரேடியன் கிடையாது. நம் நாட்டு நில அளவையில் பாகையே வழக்கம் என்பதால் அது எனக்கு ஒரு குறையாகப்படவில்லை.

வாங்குவது பற்றி. நம் பகுதிக் கடைத்தெருவில் நான் விசாரித்த எழுதுபொருள் கடைகளில் அறிவியல் கால்குலேட்டர்தான் கிடைக்கிறது. வரைபடக் கால்குலேட்டருக்கு இணையவழியில் பணம் கட்டிக் காத்திருக்க வேண்டும், அல்லது வெளிநாட்டு உறவினர்களை நம்ப வேண்டும். பழையதை வாங்குவோர் பேட்டரி மின்னேற்றம் தாங்குகிறதா என்று பார்த்துவிட்டு, நினைவகத்தை அழித்து, உடனே கோண அலகைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டு மேல்நிலைப் பொதுத் தேர்வுக்கோ ஜேஇஇ தேர்வுக்கோ இதைக் கொண்டுபோக முடியாது. ஐபி (இன்டர்நேஷனல் பக்கலோரியட்) எனும் பன்னாட்டுப் பாடத்திட்டத்தில் பயிலும் பிள்ளைகளுக்கு இத்தகைய வரைபடக் கருவி இன்றியமையாதது. மற்றப் பிள்ளைகளுக்குச் சொந்தமாக வாங்கித் தர வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். ஒரு டியூஷன் ஆசிரியரிடமோ ஒரு பள்ளியின் கணித ஆய்வகத்திலோ ஒன்று இருந்தால் இருபது பிள்ளைகள் பார்க்கலாம்.

என்னுடையது இப்போது பாகையில் இருக்கிறது. பகல் வரைபடத்தில் இந்த ஆண்டின் சம்பா நாற்றுவிடும் நாளைக் குறிக்க அந்தப் பையன் கேட்டிருக்கிறான். சனிக்கிழமை வகையீட்டுப் பாடம் என்பதால், வெள்ளி இரவே ரேடியனுக்கு மாற்றி, மேல்பட்டையைப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் மூடி வைப்பேன்.